ஏரி நாளும் குருவியின் குரலும்

ஊரில் எந்த நாளைக் கொண்டாடினாலும் மைக் செட் குருவியுடையதுதான். தண்ணீர் நாள், மரம் நடும் நாள், பிளாஸ்டிக் ஒழிப்பு நாள், சைக்கிள் நாள் என்று வருடம் முழுக்க நகராட்சி எதையாவது நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். நினைவுபடுத்திய மறுநாள் எல்லோருமாகச் சேர்ந்து மறந்துவிடுவார்கள். ஒலி மாசு விழிப்புணர்வு நாளுக்குக்கூடக் கூம்பு ஸ்பீக்கர் கேட்டு ஆள் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குருவி ஒரு வார்த்தை பேசாமல் மேடைக்கு இரண்டு பக்கமும் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

குருவி என்பது ஊர் வைத்த பெயர். ஆளைப் பார்த்தால் அந்தப் பெயர் தோன்றாது, வாசலில் வந்து நின்றால் அறைக்குள் வெளிச்சம் குறையும். மற்றவர்கள் மைக்கைச் சோதிக்கும்போது "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். இவர் கிளியாகக் கத்துவார், காக்கையாகக் கத்துவார், பிறகு காக்கை கிளியைத் துரத்தும். கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு பேச வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அவர் மனைவிகூட முதலில் கேட்டது அந்தக் குரலைத்தான். அவள் வேலை பார்த்த தையல் கடைக்கு எதிரே ஏதோ கூட்டம். முதுகைக் காட்டிக்கொண்டு மைக் சோதித்துக்கொண்டிருந்தார். "இந்தக் குரலோட காலம் தள்ளிடலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். முகமெல்லாம் கொசுறு" என்று எல்லோரிடமும் சொல்வாள். அவர் எதிரிலேயே சொல்வாள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வீடு ஏரிக்கரையின் தாழ்ந்த பக்கம். முன்னறைதான் கடை. ஆம்ப்ளிஃபையர்கள், சுருட்டி மாட்டிய வயர்கள், அலமாரிக்கு மேல் வாயைப் பிளந்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூம்பு ஸ்பீக்கர்கள். பின்கதவைத் திறந்தால் துவைகல், அதைத் தாண்டினால் நாணல், அதற்கப்பால் ஏரி. பெரிய ஏரிதான், ஆனால் ஒரு பறவை கிடையாது. சுற்றுச்சாலைக்கு விளக்கு வந்த கையோடு போனவை திரும்பவில்லை என்பார்கள். சாயத் தண்ணீர் கலந்ததால்தான் போயின என்று இன்னொரு கட்சி. எதனால் போனால் என்ன, போனது போனதுதான். தவளைச் சத்தம்கூடக் கேட்காது. புதிதாக வருகிறவர்கள் கரையில் நின்றால் கொஞ்ச நேரத்தில் காரணமே இல்லாமல் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார்கள். யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த ஏரிக்கும் ஒரு நாள் வைத்தது நகராட்சி. ஏரி நாள் அன்று விடியற்காலையில் ஆணையர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பறவைகளைப் பற்றிப் படித்த பேராசிரியர் என்று எல்லோரும் கரைமேல் வந்து நிற்க வேண்டும். ஒரு விசில் ஊதும். அடுத்த விசில்வரை யாரும் பேசக் கூடாது, ஐந்து நிமிடம் ஏரியின் குரலைக் கேட்க வேண்டும். அதற்குக் 'கேட்கும் நேரம்' என்று பெயர். முதல் வருடம் கேட்டது யாரோ ஒரு பிள்ளையின் வயிறு பசியில் உருண்ட சத்தம் மட்டும்தான். ஆணையர் முகம் சுண்டிப்போனது.

மறு வருடம் ஏரி நாளுக்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் குருவியின் கடைக்கு வந்தார். எது நடந்தாலும் "சுத்தம்!" என்று முடிப்பது அவர் வழக்கம், ஊரும் அவரைச் சுத்தம் என்றே கூப்பிட்டது.

"குருவி, நாணலுக்குள்ள ஒளிஞ்சு உட்கார்ந்து கொஞ்ச நேரம் கத்தணும்யா."

"எதுக்குங்க?"

"ஏரிக்கு இன்னும் உயிர் இருக்குன்னு காட்டத்தான். இல்லேன்னா இதை மூடிட்டு பஸ் ஸ்டாண்டு கட்டிடுவாங்க. முதல்ல போறது உன் வீடு. அப்புறம் சுத்தம்!"

குருவி பின்கதவுப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். "இந்த இடத்தை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். போய்க் கத்துங்க" என்றாள் அவள்.

கத்தினார். நாணலுக்குள் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு நீர்க்காக்கை, கொக்கு, மீன்கொத்தி என்று வரிசையாகக் கத்தினார். கரைமேல் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கைதட்டல் ருசி கண்டுவிட்டால் யார்தான் சும்மா இருப்பார்? மழைக்கு முன்னால் வரும் மழைக்கூவி என்று ஒரு பறவை இந்த ஏரியில் இருந்ததாகப் பேச்சு. குருவி அதைக் கேட்டதில்லை. கேட்டவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி கத்திக் காட்டினார்கள். கடைசியில் அவரே ஒன்றைக் கட்டினார். இரண்டு குட்டைக் கூவல், பிறகு நீளமாக ஒன்று, அது இறங்கும்போது விம்மல். நீளக் கூவலுக்கு முன்னால் எச்சில் விழுங்காவிட்டால் அவருக்கு மூச்சு தாக்குப்பிடிக்காது. அந்தக் 'க்ளக்' சத்தமும் பறவையோடு ஒட்டிக்கொண்டது.

ஊர் அழுதது. "இதேதான், சின்ன வயசுல கேட்டது இதேதான்" என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் அதைப் பதிவு செய்து, அந்தக் 'க்ளக்' இணையைக் கூப்பிடும் அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசினார், அந்தக் கூட்டத்துக்கும் மைக் செட் குருவியுடையதுதான். சுத்தம் அதையே தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பேச்சு அடங்கிப்போனது. வருடத்துக்கு ஒரு முறை பொய் சொன்னால் வீடு நிற்கும் என்றால் யார் சொல்லமாட்டார்கள்?

ஒவ்வொரு ஏரி நாளிலும் கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் வெளியே வர முடியும். நாணல் தலைக்கு மேல் நிற்கும், சேற்றில் திசை தெரியாது. அதனால் அவள் துவைகல்மேல் காத்திருப்பாள். உள்ளேயிருந்து இவர், "இந்தா… இருக்கியா?" என்பார். "இருக்கேங்க, இப்படி வாங்க" என்று அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார்.

அவர் கடைசியாகக் கத்திய வருடம் ஒன்று நடந்தது. மழைக்கூவியை முடித்து வாயை மூடினார். எதிர்ப்பக்கத் தண்ணீரிலிருந்து அதே கூவல் மெல்லத் திரும்பி வந்தது. எதிரொலி என்று முதலில் நினைத்தார். மோதித் திரும்ப அங்கே சுவரும் இல்லை, மலையும் இல்லை. அவளிடம் சொன்னதற்கு, "உங்களுக்கு நீங்களே கைதட்டிக்க ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் தொண்டை கரகரத்தது. கரகரப்பு போகவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, குரல்வளையையே எடுத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துளை, இனி மூச்சு அதன் வழியாகத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "குளிக்கிறப்பகூட ஜாக்கிரதைம்மா. அந்தத் துளைக்குள்ள தண்ணி போச்சுன்னா நேரா நுரையீரல்தான்" என்றாள். பேச்சு மட்டுமில்லை, விசில்கூட அடிக்க முடியாது, மூச்சுதான் வாய்க்கே வருவதில்லையே. கழுத்தில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். அவளைக் கூப்பிட வேண்டுமானால் கை தட்டுவார். உதட்டை அசைத்தால் அவளுக்குப் பாதி புரியும். மீதியைப் புரிந்த மாதிரி தலையாட்டுவாள்.

அவள் முகம் கோணவில்லை, குறை சொல்லவில்லை, கஞ்சி வடித்து ஆற்றிக் கொடுத்தாள். ஆனால் அந்தக் கொசுறுப் பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. குருவிக்கு அது முள்ளாகக் குத்தியது. குரலுக்காக வந்தவளிடம் இப்போது கொசுறு மட்டும்தான் மிச்சம் என்று கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டார்.

ஏரி நாள் நெருங்கியது. சுத்தம் வந்து தலையைச் சொறிந்தார். பேராசிரியர் பதிவு செய்ததையே ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கரில் ஏற்றி நாணலுக்குள் வைத்துவிடலாம் என்று முடிவானது. பொத்தானை அமுக்க ஆள் வேண்டும். நம்பி யாரிடம் சொல்ல முடியும்? குருவியே போகிறேன் என்று மார்பில் தட்டிக் காட்டினார். "முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா எந்திரிச்சு வந்துடணும்" என்று அவள் பலமுறை சொல்லி அனுப்பினாள்.

விடிந்தும் விடியாத வெளிச்சம். பலகைமேல் உட்கார்ந்து, பாலித்தீன் உறையில் சுற்றிய ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டார். நாணல் இடுக்கில் கரை தெரிந்தது. ஆணையர் தொப்பியைச் சரிசெய்தார், பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்து நின்றார்கள். விசில் ஊதியது. குருவி பொத்தானிடம் விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை. அதற்குள் நீர்க்காக்கை கத்தியது.

ஸ்பீக்கர் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தார். உறையைப் பிரித்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. கொக்கு கத்தியது. மீன்கொத்தி கத்தியது. அவர் வைக்கும் அதே வரிசை, அதே இடைவெளி. அவை எதுவும் அந்தப் பதிவிலேயே கிடையாது. பிறகு மழைக்கூவி. இரண்டு குட்டைக் கூவல், ஒரு 'க்ளக்', நீளமாக ஒன்று, விம்மல். ஒரு பறவை அப்படிக் கத்தாது. பறவை மாதிரி கத்துகிற மனிதன்தான் அப்படிக் கத்துவான், அந்த மனிதன் யார் என்று அவருக்குத் தெரியும். கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது. துளையில் மூச்சு சூடாக வந்துபோய்க்கொண்டிருந்தது, வேறெதுவும் இல்லை. பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது ஆசை. இத்தனை நாள் கழித்துத் தன் குரலைக் கேட்கிறார், கண் கலங்கிவிட்டது.

அப்போது அது பேசியது.

"இந்தா… இருக்கியா?"

கரைமேல் சில பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். துவைகல் பக்கமிருந்து அவள் குரல் அழுகையும் சிரிப்புமாக எழுந்தது.

"இருக்கேங்க! ஐயோ, பேச்சு வந்துடுச்சா? அங்கேயே நில்லுங்க, தண்ணி ஏறிடப் போகுது! நான் வரேன்!"

தண்ணீரில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. குரல் வந்தது இவர் இருந்த பக்கத்திலிருந்து அல்ல. வலதுபுறம், லாரிகள் மண் அள்ளிப் பள்ளமாக்கிய இடத்திலிருந்து. அங்கே ஆள் ஆழம்.

எழுந்தால் கரைமேல் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இத்தனை வருடப் பொய்யும் வெட்ட வெளிச்சமாகும், வீடு போகும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார். கத்த வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. நாணலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அவர் இரண்டு கைகளையும் பலம் கொண்டமட்டும் தட்டினார்.

வீட்டில் கேட்டுப் பழகிய அந்தத் தட்டல் அவளை நிறுத்தியது. திரும்பினாள். பின்னால், வாய் பேசாமல் நிற்கும் கணவர். முன்னால், வெறும் தண்ணீருக்கு மேலே, "இந்தா… இப்படி வா" என்றது அவர் குரல். அவருடைய உதடுகள் மூடியிருந்ததை அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்த பிறகும் அவள் கால் முன்னால்தான் ஒரு எட்டு வைத்தது.

குருவி அதைத் தன் கண்ணால் கண்டார். அவள் பள்ளத்துப் பக்கம் போகப்போக இவரும் பின்னாலேயே இறங்கினார். தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது, அலை கழுத்துத் துணியை நனைத்தது. நுனிக்காலில் நின்று, தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கை எட்டிய மட்டும் நீட்டி அவள் கூந்தலைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. வலியில் அவள் போட்ட கூச்சல் கேட்கும் நேரத்தை அத்தோடு முடித்துவைத்தது.

"அட, நம்ம குருவி!" என்றது கரை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? கத்தியதெல்லாம் இவர்தான் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. அவர் கத்தாத ஒரே வருடத்தில்தான் கண்டுபிடித்தது. பேச்சு போய்விட்டது என்றதுகூட நாடகமா என்று ஒருவர் எகிற, குருவி துணியை அவிழ்த்துத் துளையைக் காட்டினார். முன்வரிசையில் நின்ற பிள்ளை வீறிட்டு அழுதது. பேராசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மழைக்கூவியுமா?" என்று மட்டும் கேட்டார். குருவி தலையாட்டினார். "சுத்தம்" என்று முணுமுணுத்துவிட்டு ஆய்வாளர் தரையைப் பார்த்தார். துளையோடு நிற்கிறவரால் எப்படிக் கத்த முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குரல் பின்கதவுக்கு வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்கும். "கதவைச் சாத்து, கொசு வருது" என்று சொல்லும். இத்தனை வருடம் பின்கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு அவர் பேசியதையெல்லாம் ஏரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஊர் அதை வருடத்தில் ஐந்து நிமிடம் கேட்டது, அது மீதி நேரமெல்லாம் இவர்களைக் கேட்டிருக்கிறது. கல்யாணமான புதிதில் துவைகல்மேல் உட்கார்ந்து அவர் சொன்ன சில பேச்சுகளும் அதனிடம் இருந்தன. அவற்றை இங்கே எழுத முடியாது. கேட்ட அவள் முகம் சிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த குருவியின் வயிறு எரிந்தது. தன் குரலைப் பார்த்தே பொறாமைப்பட வேண்டிய கேடு வேறு யாருக்கு வந்திருக்கிறது?

"பயமா இல்லையா?" என்று உதட்டை அசைத்தார்.

"முதல்ல இருந்துச்சுங்க" என்றாள். "இப்ப இல்ல. உங்க குரல்தானே."

பின்கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். ஒருநாள் கடையில் வயர் ஒட்டவைத்துவிட்டு உள்ளே வந்தபோது பூட்டு திறந்து கிடந்தது. அவள் துவைகல்லுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள். பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார். அவள் சேலை முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. "பேசிட்டு வந்துடலாம்னுதான் போனேன். கால் தானா போகுதுங்க" என்று குழந்தை மாதிரி விசும்பினாள். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று சைகை காட்டினார். அவள் பார்த்த பார்வையில், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் நடந்தே திரும்பி வந்துவிடுவாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இன்று முழங்கால். நாளைக்கு?

பறவையில்லாத ஏரி எதற்கு என்று பஸ் ஸ்டாண்டுத் திட்டம் மறுபடி கிளம்பியது. பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மைக் செட் வேறு ஆளுடையது, ஆரம்பித்ததிலிருந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஏரியோர வீட்டுக்காரர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். நாணலில் உட்கார்ந்து ஏமாற்றியவர் என்று வைதவர்கள்கூட இன்று குருவியைத் தங்கள் பக்கம் உட்காரச் சொன்னார்கள். எப்படியோ இத்தனை வருடம் ஏரியைக் காப்பாற்றியவர் ஆயிற்றே. "ஏரியை மூடறதுல சம்மதம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் ஆணையர்.

மண்டபம் அசையவில்லை. குருவி கையைத் தூக்கினார்.

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள்தான் முதலில் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "என்னங்க பண்றீங்க? கீழ போடுங்க. அது நீங்கங்க! உங்க மேலயே மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களா?"

அவரிடம் பதில் இருந்தது. சொல்வதற்குத்தான் குரல் இல்லை, இருந்த குரல் தண்ணீருக்குள் கிடந்தது. தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. இன்னொரு கையால் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார். அவள் இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, பிணத்தின் அருகில் உட்கார்ந்து அழுகிறவள் மாதிரி வாய்விட்டு அழுதாள். கழுத்துத் துணி மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. மேடையில் ஆணையர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் சம்மதம். வேற யாராவது?" என்று கேட்டார்.